நடமாடும் வீட்டில் வெயில் மின்சாரம்: விடியும் வரை தாங்குமா?

அமெரிக்காவின் அரிஸோனா மாநிலத்தில் குவார்ட்ஸைட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கு நிரந்தரமாகக் குடியிருப்போர் சுமார் 2,400 பேர்தான். ஆனால், குளிர்காலம் பிறந்துவிட்டால் அந்தப் பாலைவன ஊரின் கதையே வேறு. வட மாநிலங்களில் பனி கொட்டத் தொடங்கியதும், அங்கிருந்தும் கனடாவிலிருந்தும் 'ஆர்வி' எனப்படும் நடமாடும் வீடுகள் சாரை சாரையாக வந்து சேரும். சமையலறை, படுக்கை, குளியலறை எல்லாம் உள்ளேயே கொண்ட வாகனங்கள் இவை. வருபவர்களில் பெரும்பாலோர் பணி ஓய்வு பெற்றவர்கள். 'பனிப்பறவைகள்' என்பது இவர்களுக்கு அங்குள்ள செல்லப் பெயர்.

ஊருக்குத் தெற்கே லா போசா என்னும் நீண்டகால முகாம் பகுதி உள்ளது. அந்நாட்டுக் கூட்டரசின் நில நிர்வாகப் பணியகம் அதை நடத்துகிறது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அனுமதிச் சீட்டு பெற்று அங்கே தங்கலாம். தண்ணீர் பிடித்துக் கொள்ளவும் கழிவுநீரைக் கொட்டவும் பொதுவான இடங்கள் உண்டு. ஆனால், வாகனம் நிற்கும் இடத்தில் மின்சாரம் கிடையாது. விளக்கு எரிவதும், குளிர்பெட்டி ஓடுவதும், இரவில் ஹீட்டரின் விசிறி சுழல்வதும் வாகனத்துக்குள் இருக்கும் 12 வோல்ட் பேட்டரியை நம்பித்தான்.

அந்தப் பேட்டரியை நிரப்ப இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பெட்ரோலில் ஓடும் ஜெனரேட்டர். அதன் இரைச்சலால் அக்கம் பக்கத்தாருக்குத் தொல்லை. இரவு நேரத்தில் அதை இயக்க முகாம்கள் அனுமதிப்பதில்லை. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இல்லாதது. திறந்த சன்னலருகே அது ஓடினால், தூங்குபவர்கள் தூக்கத்திலேயே உயிரிழக்க நேரிடும். மற்றொரு வழி, பெட்டி போல் மடித்து எடுத்துச் செல்லக்கூடிய சூரிய ஒளித்தகடு. சத்தமில்லை, புகையில்லை, எண்ணெய்ச் செலவில்லை. 'வெயிலில் விரித்து வைத்தால் போதும், மின்சாரம் கொட்டும்' என்பதுதான் விற்பனையாளரின் வாசகம். உண்மையில் எவ்வளவு கொட்டுகிறது?

ஒரு தம்பதியரைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். இருவரும் அறுபதைக் கடந்தவர்கள். கணவருக்குத் தூக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறு. 'சிபேப்' எனப்படும் காற்றழுத்தக் கருவியை முகத்தில் பொருத்திக் கொண்டுதான் அவர் உறங்க வேண்டும். வாகனத்தில் 100 ஆம்பியர்-மணி கொண்ட ஈயப் பேட்டரிகள் இரண்டு. கையில் 200 வாட் மடிப்புத் தகடு ஒன்று. 'இது தாராளம்' என்ற நம்பிக்கையோடு லா போசாவில் வந்து இறங்குகிறார்கள்.

அவர்களின் ஒரு நாள் செலவு எவ்வளவு? சிறிய கம்ப்ரசர் குளிர்பெட்டிக்கு 35 ஆம்பியர்-மணி. ஹீட்டர் சமையல் வாயுவில் எரிந்தாலும், சூட்டை உள்ளே தள்ளும் விசிறி பேட்டரியில்தான் ஓடுகிறது. அதற்கு 24. சிபேப் கருவிக்கு 20. அதிலுள்ள ஈரப்பதமூட்டியைச் சூடாக்கினால் இது இரு மடங்கையும் தாண்டும். விளக்குகளுக்கு 4, தண்ணீர் பம்புக்கு 3, கைத்தொலைபேசிகளுக்கு 5. வாயுக் கசிவை எச்சரிக்கும் கருவி போன்று இரவும் பகலும் ஓய்வின்றி உறிஞ்சிக் கொண்டிருப்பவற்றுக்கு 5. கூட்டினால் 96 வருகிறது.

இனி வரவைப் பார்ப்போம். தகட்டில் எழுதியுள்ள 200 வாட் என்பது சோதனைக்கூடத்தில், சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளியில், தகட்டின் வெப்பம் 25 பாகை செல்சியஸாக இருக்கும்போது அளந்த கணக்கு. வெளியே வெயிலில் தகடு கொதிக்கும். கம்பியில் கொஞ்சம் போகும். பேட்டரி ஏற்றுக் கொள்வதிலும் கொஞ்சம் போகும். குவார்ட்ஸைட்டில் குளிர்காலத்தில் தகட்டைச் சரியாகச் சாய்த்து வைத்தால், முழு வெயிலுக்குச் சமமாக நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 மணி நேரம் கிடைக்கும். 200ஐ 5ஆல் பெருக்கினால் 1,000 வாட்-மணி. இழப்பு போக 750 வாட்-மணி கையில் நிற்கும். பேட்டரி கணக்கில் அது சுமார் 60 ஆம்பியர்-மணி.

வரவு 60, செலவு 96. நாளுக்கு 36 பற்றாக்குறை. குடும்ப பட்ஜெட்டில் இப்படித் துண்டு விழுந்தால் மாதக் கடைசியில் தெரிந்துவிடும். இங்கே எப்போது தெரியும்?

முதல் நாள் மாலை பேட்டரிகள் நிரம்பியிருக்கின்றன: 200. செலவில் பெரும்பகுதி இரவில்தான். சுமார் 70 கரைந்து, விடியும்போது 130 இருக்கிறது. பகலில் 60 ஏறி, பகல் செலவு 26 போக, மாலையில் 164. இரண்டாம் இரவு விடியும்போது 94. மூன்றாம் இரவு விடியும்போது 58. அன்று பகலும் வெயில் நன்றாகவே அடிக்கிறது, தகடும் வேலை செய்கிறது, யாருக்கும் சந்தேகமில்லை. மாலையில் 92. நான்காம் இரவு, பின்னிரவு நேரத்தில், வெளியே குளிர் கடுமையாக இருக்கும் வேளையில், பேட்டரியின் அழுத்தம் சரிகிறது. ஹீட்டர் விசிறி நிற்கிறது. சிபேப்பும் நிற்கிறது. மேகம் ஒன்றுகூட வரவில்லை. எந்தப் பொருளும் பழுதாகவில்லை. கணக்குப் பார்க்காத குறை ஒன்றுதான்.

இதில் இன்னொரு நட்டமும் மறைந்திருக்கிறது. ஈயப் பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கக் கூடாது. இறக்கினால் அதன் ஆயுள் குறையும். அரைகுறையாக நிரம்பிய நிலையிலேயே நாள் கணக்கில் கிடந்தால் உள்ளே இருக்கும் தட்டுகளில் ஈய சல்பேட் படிகமாக இறுகி, பிறகு எவ்வளவு மின்னேற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. ஆக, 200 என்று எழுதியிருந்தாலும் துணிந்து செலவழிக்கக் கூடியது 100தான். மேற்சொன்ன தம்பதியர் இரண்டாம் விடியலிலேயே அந்த எல்லையைத் தாண்டிவிட்டார்கள்.

சரி, கூடுதலாகத் தகடு வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கலாம். அதற்கு முன், இருக்கும் தகட்டிலிருந்து முழுப் பயனும் கிடைக்கிறதா என்று பார்ப்பதே புத்திசாலித்தனம். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

சாய்த்து வைத்தால் கிடைப்பது

குவார்ட்ஸைட் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 34 பாகையில் இருக்கிறது. டிசம்பர் கடைசி வாரத்தில் நண்பகலில்கூட சூரியன் அங்கே தென்வானில் 33 பாகை உயரத்தில்தான் நிற்கும். கூரை மேல் படுக்க வைத்த தகட்டில் வெயில் சரிவாக விழுந்து, நேராக விழும் ஒளியில் பாதியைச் சற்றே தாண்டிய அளவுதான் கிடைக்கும். அதே தகட்டைத் தெற்கு நோக்கிச் செங்குத்தை நெருங்க, தரையிலிருந்து 57 பாகை அளவுக்கு நிமிர்த்தினால், முழு ஒளியும் முகத்தில் அறையும். கூரையில் நிலையாகப் பொருத்திய தகட்டுக்கு இல்லாத வசதி இது. கையடக்கத் தகட்டை வாங்குவதற்கு உண்மையான காரணமும் இதுதான். வாகனத்தை நிழலில் நிறுத்திவிட்டுத் தகட்டை மட்டும் வெயிலுக்கு அனுப்பலாம் என்பது இரண்டாவது காரணம்.

கோணத்தை அறியக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு சிறு குச்சியைத் தகட்டின் மேல் நிமிர்த்திப் பிடியுங்கள். குச்சியின் நிழல் மறைந்து போகும்வரை தகட்டைத் திருப்புங்கள். நிழல் இல்லையென்றால் தகடு சூரியனை நேருக்கு நேர் பார்க்கிறது என்று பொருள். காலை, நண்பகல், பிற்பகல் என மூன்று முறை திருப்பி வைத்தாலே போதுமானது.

மலேசிய வாசகர்களுக்கு இதில் ஒரு குறிப்பு. பெர்த்துக்கோ நியூசிலாந்துக்கோ போய் கேம்பர்வேன் வாடகைக்கு எடுக்கும் குடும்பங்கள் உண்டு. அங்கே சூரியன் வடக்கு வானில் செல்வதால் தகடு வடக்கு நோக்கியே இருக்க வேண்டும். அமெரிக்கக் கையேட்டைப் படித்துவிட்டுத் தெற்கே திருப்பி வைத்தால் வேடிக்கைதான். கோலாலம்பூரோ சுமார் 3 பாகையில் இருப்பதால், டிசம்பரில்கூட நண்பகல் சூரியன் 63 பாகை உயரத்தில் நிற்கும்; தகட்டைக் கிட்டத்தட்டப் படுக்க வைத்தாலும் பெரிய இழப்பில்லை. மழைநீர் வழிந்தோடும் அளவுக்குச் சிறு சாய்வு போதும். மலேசியாவில் சிக்கல் வேறு விதமானது. இங்குள்ள முகாம் இடங்கள் பெரும்பாலும் ஆற்றோரத்தில், மரங்களுக்கு அடியில். பிற்பகலில் இடியும் மழையும். ஈரமும் மேகமும் கலந்த இந்த வானத்தில் முழு வெயிலுக்குச் சமமாக 4லிருந்து 5 மணி நேரம் கிடைத்தால் அதுவே நல்ல நாள். மரநிழலில் அதுவும் கிடையாது.

நிழலைப் பற்றி ஒரு சொல். தகட்டுக்குள் இருக்கும் சின்னச் சின்ன சூரியக் கலங்கள் சங்கிலி போல் ஒன்றையடுத்து ஒன்றாக இணைக்கப்பட்டவை. ஒரு கலத்தில் இலை ஒன்று விழுந்து மூடினாலும் சங்கிலி முழுவதும் தடுமாறும். தகட்டில் பத்தில் ஒரு பங்கு மறைந்தால் மின்சாரம் பாதியாகக் குறைவதும் உண்டு. கொடியில் காயும் துணியின் நிழல்கூட விழாமல் பார்த்துக் கொள்ள வேண்டும்.

கட்டுப்பாட்டுக் கருவி எங்கே இருக்க வேண்டும்?

12 வோல்ட் பேட்டரிக்கென்று விற்கப்படும் தகடு உண்மையில் வெயிலில் 18 வோல்ட் அளவுக்குத் தரும். அதை நேராகப் பேட்டரியில் கொடுத்தால் பேட்டரி கொதித்துப் பாழாகும். இடையில் நின்று அளந்து கொடுப்பது கட்டுப்பாட்டுக் கருவி. ஈயப் பேட்டரி ஏறக்குறைய 14.4 வோல்ட் வரை வந்ததும், அங்கேயே சில மணி நேரம் பிடித்து வைத்து, நிரம்பிய பிறகு 13.5 வோல்ட் அளவுக்கு இறக்கிக் காப்பது அதன் பணி.

மடிப்புத் தகடுகள் பலவற்றில் இந்தக் கருவியைத் தகட்டின் முதுகிலேயே ஒட்டி விற்கிறார்கள். வாங்குபவருக்கு வசதியாகத் தோன்றும். ஆனால், அங்கிருந்து பேட்டரிக்கு 10 மீட்டர் மெல்லிய கம்பி ஓடினால் என்ன ஆகும்? 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில், போக வர 20 மீட்டருக்கு, 10 ஆம்பியர் ஓடும்போது ஏறத்தாழ 1.5 வோல்ட் வழியிலேயே தொலைந்து போகும். தகட்டின் முதுகில் உள்ள கருவி 14.4 வோல்ட்டைப் பார்க்கும். பேட்டரியின் வாயில் இருப்பதோ 12.9 வோல்ட்தான். 'நிரம்பப் போகிறது' என்று நினைத்துக் கொண்டு கருவி மின்சாரத்தைக் குறைக்கத் தொடங்கும். பேட்டரி பசித்தே கிடக்கும். பந்தி பரிமாறுபவர் வாசலில் நின்றுகொண்டு, 'உள்ளே எல்லோரும் சாப்பிட்டாயிற்று' என்று முடிவு செய்வதைப் போன்றது இது.

அந்தக் கருவியைக் கழற்றிப் பேட்டரிக்கு அருகில், ஒரு மீட்டர் தூரத்துக்குள் பொருத்திவிட்டால் கதை மாறும். அப்போது அந்த 1.5 வோல்ட் இழப்பு தகட்டின் 18 வோல்ட்டில் கழியும், மிச்சமுள்ள 16.5 வோல்ட் பேட்டரிக்குத் தாராளம். கருவியும் பேட்டரியின் உண்மை நிலையைப் பார்க்கும். அதோடு 6 சதுர மில்லிமீட்டர் கம்பியும் போட்டால் இழப்பு பாதிக்கும் கீழே வந்துவிடும். இதற்குச் செலவு சொற்பம். புதிய தகடு வாங்குவதற்கு முன் இதைச் செய்து பார்ப்பது நல்லது.

கருவியில் இரண்டு வகை. மலிவானது பிடபிள்யூஎம். அது தகட்டின் 18 வோல்ட்டைப் பேட்டரியின் அழுத்தத்துக்கு இழுத்து இறக்கிவிடும். 100 வாட் தகட்டிலிருந்து 70 வாட்டைச் சற்றே தாண்டிக் கிடைத்தால் பெரிது. எம்பிபிடி என்பது கூடுதல் வோல்ட்டை ஆம்பியராக மாற்றித் தருவது. விலை கூடுதல்தான். சிறிய 50 வாட் தகட்டுக்கு அது வீண். 200 வாட்டுக்கு மேல் போனால் வாங்கலாம்.

இணைக்கும்போது வரிசை முக்கியம். முதலில் பேட்டரியையும் கருவியையும் இணைத்து, அதன் பிறகே தகட்டைச் சேர்க்க வேண்டும். கழற்றும்போது தகடு முதலில். வெயிலில் இருக்கும் தகட்டுக்கு 'சுவிட்ச்' கிடையாது, எப்போதும் உயிரோடிருக்கும். துணியால் மூடிவிட்டு வேலை செய்யலாம். பேட்டரியின் அருகிலேயே ஃபியூஸ் ஒன்று கட்டாயம் வேண்டும். தீ விபத்து தகட்டிலிருந்து வருவதைவிட, உரசித் தேய்ந்த கம்பி வழியே பேட்டரியிலிருந்து வருவதற்கே வாய்ப்பு அதிகம்.

லித்தியம் மாற்றுமா?

இப்போது ஈயத்துக்குப் பதிலாக லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிகள் பரவி வருகின்றன. எடை பாதிக்கும் குறைவு. கொள்ளளவில் 80 விழுக்காட்டுக்கு மேல் துணிந்து செலவழிக்கலாம். ஈயப் பேட்டரி கடைசி 20 விழுக்காட்டை நிரப்ப மணிக்கணக்கில் இழுத்தடிக்கும். குளிர்காலத்தின் 10 மணி நேரப் பகலில் அது முழுமையாக நிரம்புவதே அரிது. லித்தியம் அப்படி இழுப்பதில்லை; கிடைக்கும் வெயிலை அப்படியே வாங்கிக் கொள்ளும். அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. 0 பாகைக்குக் கீழே அதற்கு மின்னேற்றக் கூடாது. மீறினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரச் சேதம் உண்டாகும். நல்ல பேட்டரிகளில் இதைத் தடுக்கும் சுற்று உள்ளேயே இருக்கிறது. வாங்கும்போது கேட்டு உறுதி செய்து கொள்ள வேண்டும்.

ஆனால், நாளுக்கு 36 பற்றாக்குறை என்றால் லித்தியமும் காப்பாற்றாது. விபத்தைச் சில நாள் தள்ளிப் போடும், அவ்வளவுதான்.

தம்பதியரின் கணக்குக்குத் திரும்புவோம். 200 வாட் தகடு இன்னொன்று சேர்த்தால் வரவு 120 ஆகிறது. மேகமூட்டமான ஒரு நாளைத் தாங்கும் தெம்பு வருகிறது. அல்லது செலவைக் குறைக்கலாம். படுக்கப் போகும்போது ஹீட்டரைத் தணித்துவிட்டு, தடித்த போர்வையும் வெந்நீர்ப் பையும் துணைக்கு வைத்துக் கொண்டால் விசிறியின் 24, 10 ஆகும். குளிர்பெட்டி வாயுவிலும் ஓடும் வகையாக இருந்தால் வாயுவுக்கு மாற்றலாம். அந்த வகைப் பெட்டியை 12 வோல்ட்டில் ஓட்டுவது பேட்டரியைக் கவிழ்த்து ஊற்றுவதற்குச் சமம். சிபேப்பின் ஈரப்பதமூட்டியை அணைக்கலாமா என்பதை மட்டும் மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். கூரைக் குளிர்சாதனத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். அது இழுக்கும் 1,300 வாட்டுக்கு மேற்பட்ட மின்சாரத்தை மடிப்புத் தகடு எதுவும் தராது.

மூச்சுக்கோ மருந்துக்கோ மின்சாரத்தை நம்பியிருப்பவர்களுக்கு இதில் கூடுதல் எச்சரிக்கை தேவை. சிபேப்புக்கும், இன்சுலின் வைக்கும் பெட்டிக்கும் தனியாகச் சிறு பேட்டரி ஒன்றை ஒதுக்கி வைப்பதே சரி. வீட்டுச் செலவுப் பேட்டரி என்ன ஆனாலும் அதைத் தொடக் கூடாது. பகலில் முதலில் நிரப்பப்பட வேண்டியதும் அதுதான்.

புறப்படுவதற்கு முன் வீட்டு வாசலிலேயே ஒத்திகை பார்க்கலாம். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, வாகனத்துக்குள் நான்கு இரவு படுத்துப் பாருங்கள். தகட்டை வெளியே வையுங்கள், குளிர்பெட்டியை ஓட்டுங்கள், கருவிகளை எல்லாம் வழக்கம் போல் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு நாளும் வெயில் ஏறுவதற்கு முன், எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் சற்று நேரம் கழித்து வோல்ட் மீட்டரைப் பாருங்கள். ஈயப் பேட்டரியில் 12.7 என்றால் முழுமை, 12.1 என்றால் பாதி. லித்தியத்தில் இந்த எண் ஏமாற்றும். உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணும் மீட்டர் வேண்டும். நான்கு நாளும் விடியற்காலை எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். அது ஒவ்வொரு நாளும் இறங்கிக் கொண்டே போனால், பாலைவனத்துக்குப் போகும் தேதியைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் கம்பியைச் சரிபாருங்கள்.